கவிழ்த்துப் போட்ட ஃபிளெக்ஸ்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இருபத்தெட்டு வருஷம் அதே பட்டறையில் கிடந்து, அதில் கடைசிப் பதினான்கு வருஷம் ஃபோர்மேனாக இருந்து, போன வருஷம் மாலை மரியாதையோடு வெளியே அனுப்பப்பட்டவன் எழுதுவது.

உங்கள் மேலாளர் போனில் கூப்பிட்டார். புதுப் பிள்ளைகள் எண்ணெயைச் சிந்துகிறார்கள், ஜாக்கியைத் தரையில் தரதரவென்று இழுக்கிறார்கள், காங்கிரீட் தரை பாழாகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார். ஆகா, சரியான ஆளைப் பிடித்திருக்கிறார். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் தரையைக் காப்பாற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெற்றபோது சிறந்த மெக்கானிக் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். தரைக்குக் காவல் இருந்தவன் என்று கொடுத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

எண்ணெய் இறக்கும்போது கீழே தட்டு வையுங்கள், சிந்தினால் மரத்தூளைப் போடுங்கள், தரையில் வைத்து வெல்டிங் அடிக்காதீர்கள், அடித்தால் காங்கிரீட் பட்டென்று தெறித்து மூஞ்சியில் அடிக்கும். இதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவந்தது சுவரில் இல்லாத ஒன்று.

பழைய ஷெட் இருந்த காலத்தில் எங்களுக்குத் தரை என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்பாக ஒன்று காலுக்கடியில் இருந்தது, அவ்வளவுதான். பிறகு முதலாளி பாளையங்கோட்டைக்கு வெளியே இடம் வாங்கிப் புதுப் பட்டறை கட்டினார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். தங்கமான மனுஷர். ஆனால் கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய பட்டறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார், அங்கே பிடித்தது சனி. அங்கே தரையில் முகம் தெரிந்ததாம். இங்கேயும் தெரிய வேண்டும் என்றார்.

தெரிந்தது. இரும்புக்கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, மெஷின் வைத்து மூன்று நாள் தேய்த்து, மேலே பளபளவென்று ஒரு பூச்சும் பூசினார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணாச்சி சொன்னது ஒரே வசனம்: "எம்-சாண்ட் இல்லவே, பூரா ஆத்து மணலு." தாமிரபரணியில் மணல் அள்ளவே கூடாத காலத்தில் அது எப்படி நடந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. திறப்பு விழா அன்று வந்தவர்கள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கார் பழுது பார்க்கிற இடத்துக்குள் வெறுங்காலோடு, கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து சட்டங்கள் வந்தன. சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்கக் கூடாது, கீறிவிடும். வேண்டுமானால் சாக்கை மடித்து வைக்கலாம். ஜாக்கியை உருட்டக் கூடாது, தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஸ்பானர் கீழே விழக் கூடாது. ஸ்பானரிடம் இதை யார் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் எங்களிடம் சொன்னார்கள். இந்தச் சட்டங்களையெல்லாம் நடத்திக்கொடுத்த போலீஸ்காரர் யார் என்கிறீர்கள்? நான்தான். இடுப்பில் ஒரு பழந்துணியைச் செருகிக்கொண்டு, யார் எங்கே சிந்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே திரிந்தேன். ஒரு சொட்டு பிரேக் ஆயில் விழுந்தால் பூச்சு உரிந்துவிடும் என்று அண்ணாச்சி ஒரு தடவை சொன்னார். நான் அதை நூறு தடவை சொன்னேன்.

என்னிடம் அதிகம் ஏச்சு வாங்கியவர் மைதீன். மேலப்பாளையத்துக்காரர், என் வயது, என்னோடு பழைய ஷெட்டில் சேர்ந்தவர். கியர்பாக்ஸ் வேலையில் அவர் கைக்கு ஈடு கிடையாது. காதை வைத்துக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கியர்பாக்ஸைத் திறந்தால் எண்ணெய் வரும், என்ன செய்வது? அவர் திறப்பார், நான் ஏசுவேன், அவர் சிரித்துக்கொண்டே துடைப்பார். இப்படியே ஓடியது.

சாக்கு போட்டுப் பார்த்தோம், எண்ணெயைக் குடித்துத் தரைக்கே கொடுத்தது. அட்டை போட்டோம், ஊறிப் பிய்ந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. திறப்பு விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர்கள் மாடியில் சுருட்டிக் கிடந்தன. நாற்பதடி நீளம், சொட்டு எண்ணெய் ஒழுகாது. கொண்டுவந்து விரித்தேன். தரை முழுக்க மூடியது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பேனர்களில் என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டாமா? மேகத்துக்கு நடுவே அண்ணாச்சியின் காலஞ்சென்ற அப்பா, நெற்றி நிறைய விபூதியோடு, கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். பட்டறைத் தொழிலையே அவர்தான் தொடங்கினார் என்பதால் அவர் படம்தான் பெரிது. இரண்டு நாள் அவர்மேல் நடந்தும் படுத்தும் வேலை செய்தோம். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தார். விபூதிக்கு மேலே கியர் ஆயில் கோடாக வழிந்திருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மெதுவாக ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்க அப்பா மூஞ்சிவே. கவுத்தாவது போடுங்க."

நாங்கள் வெட்கிப்போனோம். செத்தவர் முகத்தை மிதிப்பதா? நம் ஊரில் யார் செய்வார்கள்? ஓடி ஓடி எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டோம். காலால் மிதித்த பாவத்துக்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு, நானும் ஒருவன். பேனரின் வெள்ளை முதுகு மேலே, பெரியவர் முகம் கீழே. மரியாதைக்கு மரியாதை, தரைக்குத் தரை. எல்லோருக்கும் திருப்தி.

மைதீன் மட்டும் குனிந்து பேனரின் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். படம் அச்சடித்த பக்கம் வழவழவென்று இருக்கிறது, தரையும் வழவழவென்று இருக்கிறது, நடுவில் தண்ணீர் போனால் வழுக்கும், தூக்கிய வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு நிற்கிற இடத்திலாவது பேனரை வெட்டி எடுத்துவிட்டு ஒரு பிளைவுட் துண்டைப் போடுவோம் என்றார். எனக்கு வந்ததே கோபம். பிளைவுட்டில் ஆணி கீணி இருந்தால் தரை என்னத்துக்கு ஆகும், பெரியவர் படத்தை வெட்டுவதா என்று கேட்டேன். எவ்வளவு பொறுப்பான ஃபோர்மேன், பாருங்கள். மைதீன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. கூடங்குளத்துக்கு ஒப்பந்த வேலையாட்களை ஏற்றிப்போகிற வேன் ஒன்று கியர் விழாமல் வந்து நின்றது. மழை என்பதால் வெளியே வைத்து எதுவும் செய்ய முடியாது, சொட்டச் சொட்ட உள்ளே ஏற்றினோம். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினோம். பின்சக்கரங்களுக்குப் பின்னால், சட்டப்படி, மடித்த சாக்கு. வேனிலிருந்து வடிந்த தண்ணீர் பேனருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. தரைக்கு வாய்க்காலைப் பார்த்து ஒரு சின்னச் சாய்வு உண்டு. கழுவுகிற தண்ணீர் ஓட வேண்டும் அல்லவா, எதையும் யோசிக்காமல் கட்டவில்லை.

மைதீன் ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டையை மாற்றி அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேனுக்கடியில் போனார். எப்படிக் கழற்றினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். மதியம் மூன்று மணி வாக்கில் கியர்பாக்ஸ் பெட்டி பாதி இறங்கிவிட்டது. கீழே ஒரு சின்ன ஜாக்கி தாங்க, மேலே இவர் கை தாங்க, கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததை லிவர் கம்பியை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் நாலடி தள்ளி நின்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது எண்ணெய் எங்காவது பேனரைத் தாண்டி வருகிறதா என்று. தரையில் மஞ்சள் கோடு ஒன்று அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வலதுபக்க ஸ்டாண்டை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே வைத்தவன் நான். இப்போது ஸ்டாண்டின் கால் கோட்டின் மேல் இருந்தது. யாராவது நகர்த்தியிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. மைதீன் இன்னொரு ஆட்டு ஆட்டினார். ஸ்டாண்டு என் கண் முன்னால் ஒரு விரற்கடை நகர்ந்தது. ஸ்டாண்டு மட்டும் இல்லை, அதற்குக் கீழே இருந்த பேனரும் சேர்ந்து, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு, சாய்வைப் பார்த்து. பின்னால் மடித்து வைத்த சாக்கு சக்கரத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கத்தினால் கீழே இருக்கிறவர் திடுக்கிட்டு எழுந்திருக்கப் பார்ப்பார், மண்டை வண்டியில் இடிக்கும், அந்த இடியே போதும் வேன் இறங்க. ஓடிப்போய்ப் பெரிய ஜாக்கியைக் கொண்டுவந்து வேனுக்கடியில் கொடுக்கலாமென்றால், கொடுக்கிற தள்ளலில் ஸ்டாண்டு போய்விடும். ஆட்களைக் கூப்பிட்டுப் பிடிக்கலாமென்றால், அது என்ன தேரா? ஒரே வழிதான் இருந்தது. பக்கத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். டீ குடிக்கக் கூப்பிடுகிற குரலில் பேசினேன்.

"மைதீன், ஆட்டாதீரும். அப்படியே கையை எடுத்துட்டு, பைய இங்கன வாரும் வே."

என் குரலில் என்ன கேட்டதோ, ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று சொன்னார்.

"கையை எடுத்தா பெட்டி கீழ விழும் வே. தரை போயிரும்."

ஒன்றரை டன் வேன் நெஞ்சுக்கு மேலே நழுவிக்கொண்டிருக்கிறது, மனுஷர் தரையைப் பற்றிக் கவலைப்படுகிறார். யார் பழக்கிக் கொடுத்தது? சொல்ல வேண்டுமா?

"விழட்டும். நீரு வாரும்."

அவர் லிவரைப் பைய வைத்தார். கையை எடுத்துவிட்டு, முதுகால் நகர்ந்து என் பக்கம் வர ஆரம்பித்தார். தலை வந்தது, நெஞ்சு வந்தது. அப்போது பெட்டி ஜாக்கியிலிருந்து சரிந்து விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் பேனர் ஒரே வழுக்காக வழுக்கிச் சுருங்கி மடங்கி நின்றது, ஸ்டாண்டு சாய்ந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வேன் இறங்கியது.

மைதீன் வெளியே இருந்தார். இடது பாதம் மட்டும் வெளியே வரவில்லை. பெரிய ஜாக்கியைக் கொடுத்து வேனைத் தூக்கி எடுத்தோம். பாதத்தின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. பையிலிருந்து விழுந்த தொப்பி, அவருடைய நெஞ்சு இருந்த இடத்தில், அச்சுக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். அவர் அழவில்லை. தண்ணீர் கேட்டார்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் முதலில் பார்த்தது தரையை. பேனரைக் கிழித்துக்கொண்டு கியர்பாக்ஸ் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் போட்டிருந்தது. அடுத்து, மடங்கிக் கிடந்த பேனரில் அப்பா, வாய் கிழிந்து, நனைந்த முகத்தோடு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்தார். அதற்கடுத்து வேனை. நாலாவதாகத்தான் தூணில் சாய்ந்து கிடந்த மைதீனைப் பார்த்தார்.

தரை, அப்பா, வேன், மைதீன். இந்த வரிசையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. டீக்கடை, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே நாலு மெக்கானிக் கூடினாலும் சொல்லுவேன். ஒவ்வொன்றாக விரலை மடக்குவேன், நாலாவது விரலுக்குக் கொல்லென்று சிரிப்பார்கள். முதலாளிமார் புத்தி இதுதானடே என்று முடிப்பேன். மைதீனைப் பார்த்த அடுத்த நிமிஷம் அண்ணாச்சி வாய்விட்டு அழுததையும், தன்னுடைய புதுக் காரின் பின்சீட்டில் இரத்தக் காலோடு அவரைக் கிடத்தித் தானே ஓட்டிப் போனதையும், எலும்பு சேரும் வரை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்ததையும் சொல்லமாட்டேன். சொன்னால் சிரிப்பு வராது.

மைதீன் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். சாய்ந்து சாய்ந்து நடந்தார். குத்துக்காலிட்டு உட்கார முடியாது, அதனால் அவருக்கு ஒரு பலகை போட்டுக்கொடுத்தோம். கல் மறுபடி சக்கரத்துக்குப் பின்னால் வந்தது. ஸ்டாண்டுக்குக் கீழே பிளைவுட் வந்தது. ஃபிளெக்ஸைப் பட்டறைக்குள் கொண்டுவந்தால் கையை ஒடிப்பேன் என்று அண்ணாச்சியே சொன்னார். நானும் இடுப்பிலிருந்த துணியை எடுத்துவிட்டேன். இப்படி ஒன்பது வருஷம் போனது.

போன வருஷம் எனக்கு வழியனுப்பு விழா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். வேறு என்ன பேசுவேன், இந்தக் கதையைத்தான் சொன்னேன். அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், வயதாகிவிட்டது அவருக்கும். நான் நாலு விரலையும் மடக்கி முடித்தபோது அவரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்ல கைதட்டு.

சாப்பிட்டுவிட்டு மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பைக் நிறுத்துகிற இடத்தில் மைதீன் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பேசியது நன்றாக இருந்ததா என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றார். வண்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சொன்னார்.

"அந்த வரிசையில ஒரு ஆளை விட்டுட்டீரு வே."

யாரை என்றேன்.

"உம்மத்தான். பெட்டி விழுந்த சத்தம் கேட்டதும் நான் கையை நீட்டிட்டுக் கெடக்கேன். நீரு என்னயப் பாக்கல, குனிஞ்சு உள்ள தரையப் பாத்தீரு. பொறவுதான் கையப் புடிச்சீரு."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பள்ளம் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் விழுந்தது, அதிலிருந்து எந்தப் பக்கம் விரிசல் ஓடியது என்று எனக்கு அன்றைக்கே துல்லியமாகத் தெரியும். வேனைத் தூக்குவதற்கு முன்பே தெரியும். அது எப்படித் தெரிந்தது என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

மைதீன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

"அண்ணாச்சிக்கு நான் உள்ள கெடந்தது தெரியாது வே. வந்தாரு, பாத்தாரு. நீரு தெரிஞ்சே பாத்தீரு."

எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? கண்ணை மூடித் திறக்கிற நேரம் இருக்கலாம். ஒரு பாதத்துக்கு அது போதும். இத்தனை வருஷமும் நான் அந்தக் கதையைச் சொல்லி நாலாவது விரலை மடக்கும்போதெல்லாம், பலகையில் உட்கார்ந்துகொண்டு அவரும் சிரித்திருக்கிறார். ஐந்தாவது விரல் ஒன்று மடங்காமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறார்.

அந்தக் கால் இப்போதும் வலிக்குமா என்று கேட்டேன். அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மழைக்கு மட்டுந்தான் வே," என்றார். வலது காலால் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தரையைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். அந்தப் பள்ளம் எங்கே என்று நீங்கள் தேட வேண்டாம், கிடைக்காது. சிமெண்டு வைத்து அடைத்து, மேலே பூச்சு பூசினோம். மூன்றாம் நாளே தரை சரியாகிவிட்டது.